பதிவுக் கை

கப்பலில் வேலை கிடைத்துவிட்டது என்ற கடிதம் மிதுனாவுக்கு வந்த மதியம், அவள் கணவர் பரணிதரன் தட்டில் இரண்டாம் முறையாக எலுமிச்சை ஊறுகாய் விழுந்திருந்தது. பக்கத்தில் மூன்று அப்பளம், நாலைந்து மோர்மிளகாய். மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயது. ரத்த அழுத்தம் வந்து பதினொரு வருடம். ஆனாலும் அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியைத் தேடினால் கிடைக்காது. அவருடைய இடது புஜத்தில், தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவில் சமன் என்ற கருவி இருந்தது.

சமன் வருவதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி அவர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர் மாதிரிப் பேசுவார். அப்போது மாத்திரையும் சாப்பாடும் ஒரே உடம்புக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. உப்பைக் குறைக்காவிட்டால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. சரி என்று கடையில் விற்ற டயட் உப்பை வாங்கிப் போட்டால், அதிலுள்ள பொட்டாசியமும் அவர் விழுங்கிய மாத்திரையும் சேர்ந்து இதயத்துக்கு வினையாகும் என்றார் டாக்டர். அதே காரணத்துக்காக இளநீருக்கும் வாழைப்பழத்துக்கும் அளவு வந்தது. மாத்திரையை மாற்றியபோது பம்ப்ளிமாஸ் பழம் ஆகாது என்றார்கள். தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம் மென்றார், அழுத்தம் ஏறிவிட்டது. சமன் இந்த வழக்கையெல்லாம் ஒரே நாளில் தள்ளுபடி செய்தது. ரத்தத்தை அதுவே படித்தது. வேண்டிய மருந்தை வேண்டிய அளவில் அதுவே விட்டது. கோவையின் பிரஷர்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஊறுகாய் ஜாடிகளுக்குத் திரும்பினார்கள்.

ஒரே ஒரு நிபந்தனைதான். சாப்பாடு ஒரே கையால் சமைத்ததாக இருக்க வேண்டும்.

அந்தக் கைக்கு அரசாங்கத்தில் பதிவு உண்டு. பதிவுக் கை என்று பெயர். பெரும்பாலும் அது ஒரு மனைவியாக இருந்தது. கல்யாணத் தரகர்கள் பத்துப் பொருத்தத்தோடு கைப்பொருத்தம் என்று பதினோராவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் கேரியரைத் திறந்தார்கள். பீளமேட்டில் ஒரு தம்பதிக்கு விவாகரத்துக் கிடைத்தது, மூன்று வேளையும் சாப்பாடு அனுப்ப வேண்டும் என்ற தீர்ப்போடு. அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டாள். அதன் பிறகு முதல் கணவரும் இரண்டாம் கணவரும் ஒரே ரசத்தைப் பற்றிக் குறை சொல்லிச் சொல்லி நல்ல நண்பர்களாகிவிட்டதாகக் கேள்வி.

மிதுனா கடிதத்தை மூன்று முறை படித்தாள். பெண்கள் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணாடித் துண்டுகளை நகர்த்தியவள். விருப்ப ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. கடல் தண்ணீரில் மிதக்கும் பொடி உயிர்களைத் தரம் பிரிக்க இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் இரண்டு வகை இறால் குஞ்சுகளை மட்டும் அவை பிடிவாதமாக ஒன்றென்றே சொல்லின. மிதுனாவின் கண் அவற்றை அரை நொடியில் பிரித்துவிடும். அவளிடம் படித்த நேத்ரா இப்போது ஓர் ஆய்வுக் கப்பலின் தலைமை விஞ்ஞானி. அவள்தான் பிடிவாதமாக நின்று இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள். எட்டு வாரத்தில் தூத்துக்குடியிலிருந்து புறப்பாடு. நான்கு மாதம் கடலில். கடலுயிர்களை முப்பது வருடம் பாட்டிலில் பார்த்தவள், கடலை மூன்று முறைதான் பார்த்திருந்தாள். மூன்று முறையும் கல்லூரிச் சுற்றுலாவில், மாணவிகளைத் தண்ணீருக்குள் போகாதீர்கள் என்று விரட்டியபடி.

பரணிதரன் நல்ல மனிதர். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "போயிட்டு வா அம்முணி. இந்த மாதிரி ஒண்ணு இனிமே எங்க கெடைக்கும்" என்றார். பிறகு தட்டைப் பார்த்தார். மோரைப் பார்த்தார்.

"அப்பறம் நான் எப்படிச் சாப்பிடறது?"

அதில் சுயநலம் எதுவும் இல்லை. பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவர். மின்சாரம் போனால் மோட்டார் எப்படி ஓடும் என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். மிதுனாவுக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. கையெழுத்துப் போட்டு ஆறு வருடமாகிறது. பதிவுக் கை, மாற்று ஏற்பாடு இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் வெளியூர் போகக் கூடாது.

சிங்காநல்லூர் கைப்பதிவு மையத்தில் மருந்தாளுநர் ரிஸ்வானா அவர்களுடைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். முப்பது வயதிருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது குடும்பங்களின் சமையலறைச் சண்டையைக் கேட்பவளுக்குரிய களைப்பும் சிரிப்பும் முகத்தில் சேர்ந்தே இருந்தன.

"சாப்பாடு உள்ள போனதுக்கப்பறம் மருந்து குடுத்தா லேட்டுங்க அக்கா. சமன் முன்னாடியே குடுத்துரும். ஒரு மணிக்கு உங்க சாம்பார் வரும்னு அதுக்குத் தெரியும். பன்னெண்டரைக்கே மருந்த எறக்கிட்டு ரெடியா ஒக்காந்திருக்கும். அந்த நேரத்துல உப்புக் கம்மியா வேற யாரோட சாம்பாராச்சும் வந்தா, சாரோட பிரஷர் சரசரன்னு எறங்கிரும். ஜாஸ்தியா வந்தா ஏறிரும்."

"கைய மாத்தறதுன்னா?"

"மாத்தலாங்க. புதுக் கைய அது கத்துக்க நாப்பத்தஞ்சு நாள் ஆகும். நீங்க பக்கத்துலயே நின்னு உங்க அளவெல்லாம் சொல்லிக் குடுக்கணும்."

மிதுனா மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். எட்டு வாரம் என்றால் ஐம்பத்தாறு நாள். முடியும். மகள் யாழினி ஓசூரில் இருக்கிறாள், ஆனால் அவள் ஏற்கெனவே புருஷனுக்கும் மாமியாருக்கும் பதிவுக் கை. சட்டப்படி ஒரு கைக்கு இரண்டு பேர்தான். ஆகவே மையத்தின் பட்டியலிலிருந்து பழநிவேல் என்ற கூலிக் கையை எடுத்தார்கள். இருபது வருடம் கல்யாணச் சமையல் செய்து, கல்யாணச் சமையலே இல்லாமல் போனதால் இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஆள் சுத்தம். குரல் தணிவு. மிதுனா பக்கத்தில் நின்று இத்தனை புளி, இத்தனை பருப்பு, இத்தனை கல் உப்பு என்று எடுத்துக் கொடுத்தாள். பழநிவேல் குறிப்பெழுதிக்கொண்டார், சமைத்தார், கடைசியில் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். சமையலறையில் வேற்று ஆள் வேலை செய்யும்போது குறுக்கே போகக் கூடாது என்று பரணிதரன் மரியாதையாகக் கூடத்திலேயே இருந்தார்.

இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவப் போகிற வழியில் சோபாவிலேயே சாய்ந்துவிட்டார். அழுத்தம் எண்பத்தெட்டுக்கு ஐம்பது. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, சாம்பாரில் உப்புப் போட்டார்களா என்பது.

ரிஸ்வானாவுக்கு இது விளங்கவில்லை. புதுக் கை என்றால் ஆரம்பத்தில் தலை சுற்றும், வியர்க்கும். மயங்கி விழுகிற அளவுக்கு வித்தியாசம் வராது, அதுவும் பழைய கையே பக்கத்தில் நின்று அளந்து கொடுத்திருக்கும்போது. குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு சங்கடத்தோடு ஒரு கேள்வி கேட்டாள். வீட்டுச் சாப்பாடுதானா, இல்லை, மெஸ்ஸிலிருந்து வரவழைத்துவிட்டு மனைவி பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்களா? அப்படிச் சில கேஸ்கள் வந்திருந்தன. நிரூபணமானால் பதிவுக் கையின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். ஐந்து வருடத்துக்கு ஊரைத் தாண்ட முடியாது. கப்பலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மிதுனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டு அடுப்பில் இன்னொருத்தர் கரண்டி விட்டதில்லை என்றாள். பரணிதரனும் கோபமாக அதையே சொன்னார். அவருக்கு ஒரு நப்பாசையும் இருந்தது. சட்டமே அவளைப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டால், தான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்ததற்காக அவர் உடனே வெட்கப்பட்டார். வெட்கப்பட்டது வெளியே தெரியாதபடி இன்னும் கொஞ்சம் கோபப்பட்டார்.

கைச் சோதனை செய்துவிடலாம் என்றாள் ரிஸ்வானா.

மையத்தின் பின்கட்டில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. அடுப்பு, பாத்திரம், மளிகை எல்லாம் உள்ளே. மிதுனா தனியாக நின்று இரண்டு நாளில் பத்து முறை ஒரே சாம்பாரை வைக்க வேண்டும். ஒரு நல்ல பதிவுக் கையின் பத்துச் சாம்பாரிலும் உப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்; ஸ்பூன் வைத்து அளப்பவர்களைவிடக் கண்ணளவுக்காரர்கள் துல்லியமாக இருப்பதைப் பார்த்து டாக்டர்களே அசந்திருக்கிறார்கள். மிதுனா பத்து முறையும் மனசு ஒன்றி வைத்தாள். மணம் வெளியே வரை வந்தது. காவலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

முடிவு மூன்றாம் நாள் வந்தது. பத்துச் சாம்பாரும் பத்து விதம். ஒன்றில் உப்பே இல்லை என்று சொல்லலாம், இன்னொன்று கடல். இதில் எதுவுமே பரணிதரனின் சமன் ஆறு வருடமாகப் பழகிய சாப்பாட்டோடு ஒத்துப்போகவில்லை.

"இந்தக் கைக்கும் சாரோட சமனுக்கும் சம்பந்தமே இல்லீங்க அக்கா" என்றாள் ரிஸ்வானா, மெதுவாக.

மிதுனாவின் இருபத்தொன்பது வருடம் ஒரே வரியில் அழிந்துவிட்டது. கறுப்புப் பட்டியல்கூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அப்படியானால் இத்தனை நாள் அந்த அடுப்படியில் நின்றது யார் என்பதுதான் அவள் கேள்வியாக இருந்தது.

ரிஸ்வானா கோப்பை மூடவில்லை. கண்ணாடி அறையில் எடுத்த படத்தை அவர்கள் பக்கம் திருப்பினாள். தான் இதை நான்கு முறை பார்த்துவிட்டதாகவும், ஒரு விஷயம் புரியவில்லை என்றும் சொன்னாள். திரையில் மிதுனா சாம்பாரை இறக்குகிறாள். கரண்டியில் கொஞ்சம் எடுக்கிறாள். எடுத்ததைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கரண்டியைப் பிடித்தபடி இடது பக்கம் திரும்புகிறாள். அங்கே சுவர்தான் இருக்கிறது. இரண்டு மூன்று விநாடி காத்திருக்கிறாள். பிறகு ஏதோ ஏமாந்தவள் போலக் கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே கவிழ்த்துவிட்டு, தோன்றியபடி உப்பை அள்ளிப் போடுகிறாள். இரண்டாவது சாம்பாரிலும் அப்படியே. பத்திலும் அப்படியே.

"எடது பக்கம் யாருங்க நிப்பாங்க?" என்று கேட்டாள் ரிஸ்வானா.

பரணிதரன் வகுப்பில் மாட்டிக்கொண்ட மாணவன் போல லேசாகக் கையைத் தூக்கினார்.

"நாந்தானுங்க."

பிறகு இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் சொல்லிவிட்டார், சமைக்கிறவள் வாயில் வைத்துப் பார்த்தால் அது எச்சில், சாமிக்கும் ஆகாது, வீட்டு மனுசருக்கும் ஆகாது என்று. அப்புறம் உப்பு எப்படித் தெரியும்? மிதுனா அடுப்படியிலிருந்து "ஏனுங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவர் எங்கிருந்தாலும் எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டுவார். அவள் ஒரு சொட்டு விடுவாள். அவர் நக்கிப் பார்த்துவிட்டு "ரெண்டு கல்லு" என்பார், அல்லது "இருக்கட்டும்" என்பார். அவள் அப்படியே செய்வாள். காலையில் வேலைக்குப் போகிற அவசரத்திலும் ஒரு காலில் செருப்போடு வந்து கையை நீட்டிவிட்டுப் போயிருக்கிறார். சாமிக்குப் படைப்பதும் நின்று, மாமியாரும் காலமாகி, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதைச் சமையலில் ஒரு பங்கு என்று இருவருமே நினைத்ததில்லை. பழநிவேலுக்குச் சொல்லிக் கொடுத்தபோதும் அவள் அந்தக் கடைசி இரண்டு கல்லைச் சொல்லவில்லை. அது தன் அளவே இல்லையே.

ரிஸ்வானா நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அலுவலகத்தில் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று உடனே அடக்கிக்கொண்டாள்.

"ஆறு வருசமா சாரோட நாக்கும் சாரோட சமனும்தான் பேசிட்டிருந்திருக்குதுங்க. அக்கா நடுவுல வெறும் கரண்டி."

ஆகையால் மாற்றுக் கை தேவையில்லை. நாற்பத்தைந்து நாள் காத்திருக்கவும் வேண்டாம். பரணிதரன் தானே சமைத்துத் தானே உப்புப் பார்த்துச் சாப்பிட்டால் போதும், சமனுக்கு அது ஏற்கெனவே பழகிய கைதான். மிதுனா இன்றைக்கே கப்பல் ஏறலாம். படிவத்தை நிரப்பும்போது ஒரு சிக்கல் வந்தது. பதிவுக் கைக்கும் நோயாளிக்கும் என்ன உறவு என்ற இடத்தில் கணினி ஐந்தே ஐந்து பதில்களைக் காட்டியது: மனைவி, தாய், மகள், மருமகள், கூலி. தானே என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. கணவன் என்பதும் இல்லை. ரிஸ்வானா தயங்கிவிட்டு முதல் பதிலைத் தொட்டாள். ஆக, அரசாங்க ஆவணப்படி பரணிதரனின் மனைவி பரணிதரன் ஆனார்.

"நல்ல எடத்துலதான் சம்பந்தம் பண்ணியிருக்கீங்க" என்றாள் மிதுனா. மூன்று நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன், ரிஸ்வானா விதிப்படி ஆறு வருட வரைபடத்தைப் பரணிதரனிடம் காட்ட வேண்டியிருந்தது. காட்டினாள். மருந்தின் கோடு முதல் வருடத்திலிருந்து ஒரே சீராக மேலே ஏறிக்கொண்டிருந்தது. இப்போது முன்பைப் போல மூன்று மடங்கு. பொதுவாகவே வயதாக ஆக நாக்குக்கு உப்பு தெரிவது குறையும் என்றாள். முதலில் "இருக்கட்டும்" என்றவர் பிறகு "ஒரு கல்லு" என்றிருப்பார், பிறகு "ரெண்டு". நாக்கு கேட்கக் கேட்க சமன் மருந்தைக் கூட்டிக் கூட்டி ஈடுகட்டியிருக்கிறது. அதனால் அழுத்தம் ஏறவே இல்லை. இன்னும் இரண்டு வருடத்தில் அதனிடம் கூட்டுவதற்கு மருந்து இருக்காது. இனிமேல் வாரத்துக்குக் கொஞ்சமாக உப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மெதுவாகக் குறைத்தால் சமன் கூடவே இறங்கி வரும்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மிதுனாவைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் அதே சாம்பாரத்தானே சாப்பிடறீங்க?"

"பின்ன? எனக்குன்னு தனியாவா வெப்பேன்?"

"உங்களுக்கு சமன் இல்லியே."

"எனக்கெதுக்கு?"

ரிஸ்வானா மேசை இழுப்பறையில் பிரஷர் பார்க்கும் துணிப்பட்டையைத் தேடினாள். சமன் வந்த பிறகு அதை யாரும் எடுப்பதில்லை, அடியில் கிடந்தது. பதிவுக் கைகளைப் பரிசோதிக்கும் வழக்கம் மையத்தில் இல்லை. கைக்கு எதற்குப் பிரஷர் பார்க்க வேண்டும்? மிதுனாவின் புஜத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். இறக்கினாள். மறுபடியும் அடித்தாள். மறு கையில் பார்த்தாள். மூன்றாவது முறை அவள் முகத்தைப் பார்த்தே பரணிதரன் எழுந்து நின்றுவிட்டார்.

நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நான்கு.

சமன் பாதுகாத்தது ஒருவரை. அந்த ஒருவருடைய நாக்கு கேட்ட உப்பைச் சாப்பிட்டது இருவர். கடந்த வருடம் முழுக்க மாடிப்படி ஏறும்போது மிதுனாவுக்குப் பின்மண்டை வலித்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். கப்பல் கம்பெனியின் கடிதத்தில் மூன்றாம் பக்கம், சின்ன எழுத்தில், நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால்தான் ஏற்றுவோம் என்று போட்டிருந்தது. அதை அவள் படித்திருந்தாள். நமக்கென்ன என்று தாண்டிப் போயிருந்தாள்.

புறப்பாட்டுக்கு ஆறு வாரம் இருந்தது.

சமன் பொருத்திக்கொள்ளலாம் என்றாள் ரிஸ்வானா. ஆனால் அதற்கு நிலையான ஒரு பதிவுக் கை வேண்டும். அவர்கள் குடும்பத்தில் நிலையான கை என்று தெரியவந்தது ஒன்றுதான். சொல்லிவிட்டு அவள் பரணிதரனைப் பார்த்தாள். அவர் சட்டென்று தரையைப் பார்த்தார். அவர் கையில் மிதுனாவைப் பதிந்தால் மிதுனா அவரை விட்டு ஒரு வாரம்கூட எங்கும் போக முடியாது. நான்கு நாளைக்கு முன்னால் இந்த வழி கிடைத்திருந்தால் அவர் மனசு என்ன சொல்லியிருக்குமோ. இப்போது அவரே முந்திக்கொண்டு கேட்டார், "பழைய மாத்திரையெல்லாம் இப்பவும் கெடைக்குமுங்களா?"

கிடைத்தது. மருந்துக்கடைக்காரர் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். கூடவே ரிஸ்வானா ஒரு தாளில் பழைய காலத்துச் சட்டங்களையெல்லாம் எழுதித் தந்தாள். உப்பு ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. டயட் உப்பைத் தொடக் கூடாது. பழம், கீரை, இளநீர் எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்வேன், நீங்களாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

அந்த ஆறு வாரமும் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட முடியாது. அவள் உப்பை அவர் சாப்பிட்டால் மயங்குவார், அவர் உப்பை அவள் சாப்பிட்டால் கப்பல் போய்விடும். பரணிதரன் முதல் வாரம் பருப்பைத் தீய்த்தார், இரண்டாம் வாரம் தன்னை. மூன்றாம் வாரம் ஒரு ரசம் வைத்துவிட்டு, பம்ப்செட்டுக்குத் தரச் சான்றிதழ் கொடுத்த நாட்களில்கூட இல்லாத பெருமையோடு கூடத்துக்கு வந்தார். உப்பை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் குறைத்தார். குறைத்த அன்று முழுக்க யாரோடோ சண்டை போட்டவர் போல இருப்பார்.

மிதுனாவுக்கு நேர்ந்தது வேறு. முதல் நாள் தன் ரசத்தைக் கரண்டியில் எடுத்தாள். பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினாள். அவர் அங்கேதான், பக்கத்து அடுப்பில், வெங்காயத்தோடு போராடிக்கொண்டிருந்தார். கேட்கக் கூடாது. கரண்டியைத் தன் உள்ளங்கையிலேயே சாய்த்து நாக்கில் வைத்தாள். உப்பு சரியா? அவளுக்குத் தெரியவில்லை. ஐம்பத்து நான்கு வயதில், தனக்கு எவ்வளவு உப்புப் பிடிக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. பத்துப் பதினைந்து நாள் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள்: அவளுக்கு உப்பே அதிகம் வேண்டியிருக்கவில்லை. புளிப்புத்தான் பிடித்திருந்தது. எலுமிச்சம்பழத்தை ஊறுகாயாக இல்லாமல் வெறுமனே பிழிந்து ஊற்றினால் போதும், சோறு தானாக இறங்கியது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு குழம்பு சாப்பிட்டார்கள். அவர் அவளுடைய கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்க மாட்டார். ஒருமுறை மட்டும், "அதுல அப்படி என்னதான் இருக்குது?" என்றார்.

"ஒண்ணுமே இல்லீங்க. அதனாலதான் நல்லாருக்குது" என்றாள்.

முப்பத்தொன்பதாவது நாள் நூற்று முப்பத்து நான்குக்கு எண்பத்தாறு. கப்பல் டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

தூத்துக்குடித் துறைமுக வாசலில் நேத்ரா வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். வழியனுப்ப வந்த பரணிதரன், தான் விடியற்காலையில் எழுந்து சமைத்த டிபன் கேரியரோடு சிமெண்ட் பெஞ்சு ஓரமாக நின்றார். உள்ளே போக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அவள் போகட்டும், அப்புறம் சாப்பிடலாம் என்று இருந்தார். அப்போது அவர் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தார். படித்த முகம் சுருங்கியது.

"இதென்ன அம்முணி, என்னமோ நான் கொலை பண்ணப் போற மாதிரி எழுதறானுங்க."

மிதுனா வாங்கிப் பார்த்தாள். கைப்பதிவு மையத்தின் தானியங்கிச் செய்தி. "அன்புச் சகோதரி, மணி ஒன்று நாற்பது. உங்கள் கணவர் இன்னும் உங்கள் கையால் சாப்பிடவில்லை. அவருடைய உயிரைவிட முக்கியமான வேலை உங்களுக்கு என்ன இருக்க முடியும்?"

"ஓ, இதுங்களா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இது மொதல் தரம் வர்றது. சீக்கிரம் சாப்பிட்டிருங்க. ரெண்டாவது இன்னும் கொஞ்சம் காரமா இருக்கும்."

"உனக்கும் வந்துச்சா?"

"ஆறு வருசமா."

அவர் நம்பாமல் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லிட்டிருக்க நேரமேதுங்க? இது வந்தா எந்திரிச்சுப் போயி அடுப்பப் பத்த வெக்கறதுக்கே சரியாயிருக்கும்." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "எங்கம்மாவ எடுத்த அன்னிக்கு ஏழு தரம் வந்துச்சு."

அந்த நாள் பரணிதரனுக்கு நன்றாக நினைவிருந்தது. சூலூரில் காலையில் காரியம் முடிந்த கையோடு, ஈரப் புடவையோடு ஆட்டோவில் வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அம்மாவைப் பறிகொடுத்த நாளில்கூட என்னைப் பட்டினி போட மனசு வரவில்லை அவளுக்கு என்று, அவர் பல வருடம் பல பேரிடம் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார். போன தீபாவளிக்கும் சொன்னார்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து நேத்ரா கையசைத்துக் கூப்பிட்டாள். மிதுனா அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்தாள். வாராவாரம் பேசுவதாகச் சொன்னாள், உப்பைக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னாள், திரும்பி நடந்தாள். வாசலைத் தாண்டும்போது அவள் நடை வேகமாகிவிட்டிருந்தது. அது அவரிடமிருந்து தப்பிக்கிற வேகம் அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. கடல் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. அவள் சொன்னது சரி. இது இன்னும் காரம். பரணிதரன் அதை முழுக்கப் படித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கேரியரைத் திறந்து, ஆறிப்போன சாம்பார் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வருவதற்குள் மூன்றாவது செய்தி வந்திருந்தது.

"நன்றி சகோதரி. உங்கள் கணவர் நலமாக இருக்கிறார்."